எண்ணப்படுவோரும் எண்ணில் அடங்காதோரும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்துப் பால்வினைத் தொற்றுக் கண்காணிப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பால்வினைத் தொற்றுகளின் பரவலை அறிய இந்தியாவில் பின்பற்றப்படும் கண்காணிப்பு முறை, குறிப்பிட்ட சில மருத்துவமனைகளையும் ‘இடர் மிகுந்தோர்’ என வகைப்படுத்தப்பட்ட சில குழுக்களையும் சார்ந்துள்ளது. திருப்பாச்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான தொழிற்பகுதியில் வாழும் தொழிலாளருள் பெரும்பகுதியினர் இவ்வகைப்பாடுகளுள் எதிலும் அடங்குவதில்லை. ‘கண்காணிப்பு’ என்னும் சொல் நோயைக் கவனித்தல், ஆளைக் கவனித்தல் ஆகிய இரு பொருள்களைச் சுமந்து நிற்பதையும், தமிழக வரலாற்றில் முதற்பொருள் இரண்டாம் பொருளாகத் திரிந்த இடங்களையும் இக்கட்டுரை சுட்டுகிறது. சிகிச்சையோடு பிணையாத கணக்கெடுப்பு நோயின் அளவைக் காட்டிலும் கண்காணிப்போரின் கைக்கு எட்டிய எல்லையையே அளக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: பால்வினைத் தொற்று, சென்டினல் கண்காணிப்பு, புலம்பெயர் தொழிலாளர், திருவள்ளூர் மாவட்டம், ஒப்புதல், நோய்ப்பெயர்கள்.

1. முன்னுரை

திருவள்ளூர் நகரிலிருந்து திருத்தணி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள திருப்பாச்சூர், தேவாரப் பாடல்பெற்ற வாசீசுவரர் கோயிலால் அறியப்படும் ஊர். இன்று அவ்வூர் ஒரு பெரும் தொழில்வளையத்தின் விளிம்பில் நிற்கிறது. அருகில் காக்களூர் தொழிற்பேட்டை, வடகிழக்கே தேர்வாய்கண்டிகை, கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களில் சிப்காட் வளாகங்கள், இடைப்பட்ட சிற்றூர்களில் செங்கற்சூளைகள் என அமைந்த இவ்வட்டாரத்தில் உள்ளூர் மக்களோடு ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி வழியே செல்வதால் சரக்குந்து ஓட்டுநர் நடமாட்டமும் மிகுதி.

பொதுச் சுகாதார நூல்கள் இத்தகைய பகுதியைக் கண்டதும் ‘இடம்பெயர்வு, தனித்து வாழும் ஆண்கள், நெடுஞ்சாலை’ ஆகிய மூன்றையும் சேர்த்துப் பால்வினைத் தொற்று பரவத்தக்க இடம் என முடிவு செய்துவிடும். அம்முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதனைச் சோதிப்பதற்கு நம்மிடம் உள்ள கருவி எது, அக்கருவி யாரைக் காண்கிறது, யாரைக் காணத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்வினா மருத்துவத் துறைக்கு மட்டும் உரியதன்று. நோய்க்கு இடப்படும் பெயரும் மனிதருக்கு இடப்படும் வகைப்பெயரும் மொழியில் உருவாகின்றன என்பதால் தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு.

2. நோய்ப்பெயர்கள் சுட்டும் விரல்

தமிழ் மருத்துவ வழக்கில் மேகநோய், மேகவெட்டை, கிரந்தி, பறங்கிப்புண் எனப் பல பெயர்கள் வழங்கி வந்துள்ளன. இவற்றுள் ‘பறங்கிப்புண்’ தனித்து நோக்கத்தக்கது. பறங்கியர் எனப்பட்ட ஐரோப்பியரின் வருகையோடு இந்நோயை இணைத்துக் கண்ட சமூகம் அவர்கள் பெயரையே புண்ணுக்கு இட்டது. வடமொழியில் பாவமிசிரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் 16ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலும் இதனைப் ‘பிரங்க ரோகம்’ என்கிறது. ஐரோப்பாவிலும் இதே நிலைதான்: இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். நோய் எப்போதும் அயலான் கொண்டுவந்தது என்ற எண்ணத்தை இப்பெயர்கள் பதிந்து வைத்துள்ளன.

இன்றைய அரசுத்தமிழில் இடம்பெற்றுள்ள ‘பால்வினை நோய்’ என்னும் தொடர் நடுநிலையானது போலத் தோன்றினும், ‘வினை’ என்னும் சொல் தமிழ் வாசகருக்குச் செயலை மட்டும் உணர்த்துவதில்லை. செயலின் பயனையும் அதன் தண்டனையையும் உடன் உணர்த்துகிறது. 2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களையும் விளம்பரப் பலகைகளையும் நிறைத்த ‘புள்ளிராஜா’ பிரச்சாரம், எய்ட்ஸ் பற்றிப் பொதுவெளியில் பேசும் துணிவைத் தந்தது உண்மை. அதேவேளை, இந்நோய் ஒரு குறிப்பிட்ட வகை ஆளுக்கு வருவது என்ற எண்ணத்தையும் அது விட்டுச்சென்றது. அந்த ஆளாகத் தன்னைக் கருதாதவர் தனக்குப் பரிசோதனை தேவையில்லை எனக் கருதுவது இயல்பே.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் உரிய மையங்கள் ‘நம்பிக்கை மையம்’ எனப் பெயரிடப்பட்டுள்ளன. நோயின் பெயரையும் ஆளின் வகையையும் சுட்டாத இப்பெயர், வாயிலில் நுழைபவரைக் காட்டிக்கொடுப்பதில்லை. பெயரிடுதலில் காட்டப்பட்ட இந்நுட்பம் கணக்கெடுக்கும் வகைப்பாடுகளில் காட்டப்படவில்லை என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்கும்.

3. பூட்டி வைத்து எண்ணிய வரலாறு

இந்தியாவில் பால்வினைத் தொற்றுக் கண்காணிப்பு மக்கள் நலன் கருதித் தொடங்கியதன்று. படைவீரரின் உடல்திறனைக் காக்கவே அது தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் ‘லாக் ஆஸ்பத்திரிகள்’ நிறுவப்பட்டன. 1868இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் கருதப்பட்ட பெண்களைப் பதிவு செய்யவும், கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தவும், நோயுற்றோரை மருத்துவமனையில் அடைத்து வைக்கவும் வழிசெய்தது. சோதிக்கப்பட்டவர்கள் பெண்கள், காக்கப்பட வேண்டியவர்களாகக் கருதப்பட்டவர்கள் படைவீரர்கள். கடும் எதிர்ப்பின் விளைவாக இம்முறை 1888இல் கைவிடப்பட்டது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1986இல், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. குறைந்த வசதிகளோடு நிகழ்ந்த அக்கண்டுபிடிப்பு இந்திய மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மாதிரிகள் எங்கிருந்து கிடைத்தன என்பது நம் வாதத்திற்கு முதன்மையானது. மும்பையைப் போலப் பாலியல் தொழிலுக்கென வரையறுத்த பகுதி சென்னையில் இல்லாமையால், சட்டப்படி பிடிக்கப்பட்ட பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்த காப்பகத்திலிருந்து அவை பெறப்பட்டன. அடைத்து வைக்கப்பட்டவரே எளிதில் கிடைத்தவர். எளிதில் கிடைத்தவரே முதலில் எண்ணப்பட்டவர்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. தொற்று இருப்பதாகக் கண்டறியப்பட்ட பெண்கள், அக்காரணத்தினாலேயே காப்பகத்திலிருந்து விடுவிக்கப்படாமல் வைக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்ட பின்னரே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1989இல், கோவாவில் இரத்ததானம் செய்ய முன்வந்த டொமினிக் டிசோசா என்னும் இளைஞர் தொற்றுடையவர் எனக் கண்டறியப்பட்டுக் காவலில் தனிமைப்படுத்தப்பட்டார். ஆக, நோயைக் கண்டறியும் செயல், கண்டறியப்பட்டவரைக் காவலில் வைக்கும் செயலாக மாறியது. இரண்டையும் தமிழ் ‘கண்காணிப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. தொழிற்சாலை மேற்பார்வையாளரும் செய்வது ‘கண்காணிப்பு’தான் என்பதைத் தொழிலாளர் நன்கறிவர்.

4. சென்டினல் கண்காணிப்பின் அமைப்பும் பயனும்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1992இலும், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இலும் நிறுவப்பட்டன. 1998 முதல் ‘சென்டினல் கண்காணிப்பு’ நாடளாவிய முறையில் நடைபெறுகிறது. தேர்ந்தெடுத்த சில நிலையங்களில், ஏறத்தாழ மூன்று மாத காலத்தில், தகுதியுடையோரை வரிசைப்படி சேர்த்து அவர்தம் இரத்தத்தைச் சோதிப்பது இம்முறை. பேறுகாலப் பரிசோதனைக்கு வரும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகள் ஒரு நிலையத்துக்கு 400 பேரும், இடர் மிகுந்த குழுவினர் ஒரு நிலையத்துக்கு 250 பேரும் சேர்க்கப்படுகின்றனர். கர்ப்பிணிகள் பொது மக்களுக்குரிய பதிலிகளாகக் கொள்ளப்படுகின்றனர். பெண் பாலியல் தொழிலாளர், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர், நெடுந்தூரச் சரக்குந்து ஓட்டுநர், தனித்து வாழும் ஆண் புலம்பெயர் தொழிலாளர் ஆகியோர் பிற வகைகள்.

இம்முறையின் பயனை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே நிலையத்தில் ஒரே முறையில் ஆண்டுதோறும் எண்ணினால், அந்த எண் மொத்த மக்களைச் சரியாகக் காட்டாவிட்டாலும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். ராஜேஷ் குமார், பிரபாத் ஜா உள்ளிட்டோர் 2006இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு தென்மாநிலங்களில் 15 – 24 வயதுக் கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. சென்டினல் தரவுகள் இன்றி இவ்வுண்மை வெளிப்பட்டிருக்காது.

ஆனால் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண்ணை அளவைக் காட்டும் எண்ணாகக் கொண்டபோது பிழை நேர்ந்தது. 2007இல் இந்தியாவின் எச்.ஐ.வி. தொற்றாளர் மதிப்பீடு 50 இலட்சத்துக்கு மேற்பட்ட நிலையிலிருந்து ஏறத்தாழ 25 இலட்சமாகத் திருத்தப்பட்டது. பாதி நோயாளர் குணமடைந்துவிட்டனர் என்பது இதன் பொருளன்று. மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2005 – 06) வீடுகளுக்கே சென்று ஒரு இலட்சம் பேரளவில் இரத்தம் சோதித்தமையும், சென்டினல் நிலையங்களின் எண்ணிக்கை கூடியமையும், கணிப்பு முறை மேம்பட்டமையும் சேர்ந்து முந்தைய மதிப்பீட்டின் மிகையை வெளிப்படுத்தின. அரசு மருத்துவமனைக்கு வருவோர் எல்லாரையும் ஒத்தவரல்லர் என்னும் எளிய உண்மை, நாட்டின் மதிப்பீட்டையே பாதியாக்கும் வலிமை கொண்டிருந்தது.

ஒப்புதல் குறித்த சிக்கலும் இம்முறையில் உண்டு. கர்ப்பிணிகளிடம் பிற பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தின் எஞ்சிய பகுதியை, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிச் சோதிப்பதே நெடுங்கால வழக்கம். பெயர் நீக்கப்படுவதால் அந்தரங்கம் காக்கப்படுகிறது; அதே காரணத்தால், அந்தச் சோதனையின் முடிவு அப்பெண்ணை என்றும் சென்றடைவதில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, அறிந்து தரும் ஒப்புதல் இன்றிச் சோதனை கூடாது என விதிக்கிறது. எனினும் பெயரற்ற கண்காணிப்புச் சோதனைக்கு விலக்களித்து, ஆய்வின் நோக்கத்தை உரியவருக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது. சட்டம் தெரிவிக்கச் சொல்கிறது. வரிசையில் நிற்கும் ஒரு கர்ப்பிணிக்கு அது எந்த மொழியில், எந்தச் சொற்களில் தெரிவிக்கப்படும் என்பது நடைமுறைக்கே விடப்பட்டுள்ளது. தமிழ் அறியாத ஒடியாப் பெண் ஒருவரை எண்ணிப் பார்த்தால் இவ்வினாவின் எடை விளங்கும்.

5. எந்த வகையிலும் அடங்காதோர்

மேற்கூறிய வகைப்பாட்டைத் திருப்பாச்சூர் – கும்மிடிப்பூண்டிப் பகுதியின் மீது வைத்துப் பார்ப்போம்.

முதலாவதாக, கர்ப்பிணி. மூன்று மாதத்தில் 400 புதிய கர்ப்பிணிகள் வரும் நிலையம் பெரிய மருத்துவமனையாகவே இருக்கும். தனியொரு சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையம் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. மேலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வது நம் வழக்கம். கணவனோடு தொழிற்பகுதியில் வாழும் பெண், பேறுகாலத்தின் பிற்பகுதியில் விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ உள்ள தாய்வீட்டுக்குச் செல்கிறாள். வாழும் இடம் ஒன்று, பேறு நிகழும் இடம் வேறொன்று. மழைக்காலம் முடிந்து சூளைக்கு வந்து அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பும் செங்கற்சூளைக் குடும்பங்களுக்கு இவ்விரு இடங்களும் வெவ்வேறு மாநிலங்களிலேயே அமைந்துவிடுகின்றன.

இரண்டாவதாக, புலம்பெயர் தொழிலாளர். வகைப்பாடு ‘தனித்து வாழும் ஆண்’ என வரையறுக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சென்டினல் சுற்றின்படி நாடளவில் இவ்வகையினரிடையே எச்.ஐ.வி. தொற்று 0.51 விழுக்காடு, சரக்குந்து ஓட்டுநரிடையே 0.86, கர்ப்பிணிகளிடையே 0.28. இவ்வெண்களைக் கொண்டு வெளிமாநிலத் தொழிலாளரை ‘நோய் கொண்டு வருவோர்’ எனச் சித்திரிப்பது எளிது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: இவ்வகையில் எண்ணப்படுவோர் தொற்றுத்தடுப்புத் திட்டங்களின் தொடர்புக்கு வந்த தொழிலாளரே, எல்லாத் தொழிலாளரும் அல்லர். குடும்பத்தோடு சூளையில் தங்கியிருப்பவர் ‘தனித்து வாழும் ஆண்’ அல்லர் என்பதால் வகைக்கு வெளியே நிற்கிறார். ஒப்பந்தக்காரர் அமைத்த தங்குமிடத்தில் இருப்பவர், வீட்டுக்கு வீடு செல்லும் குடும்பநல ஆய்வுக்கும் எளிதில் அகப்படுவதில்லை.

மூன்றாவதாக, மணமாகாத பெண் தொழிலாளர். இவரே வகைப்பாட்டின் பெரும் வெற்றிடம். கண்காணிப்பின் கண்களில் பெண் இரு வடிவங்களில் மட்டுமே தோன்றுகிறாள்: கர்ப்பிணியாக அல்லது பாலியல் தொழிலாளியாக. விடுதியில் தங்கி மின்னணு ஆலையில் பணிபுரியும் 20 வயதுப் பெண்ணுக்கு இதில் இடமே இல்லை. 2021 டிசம்பரில் இதே மாவட்டத்துப் பூந்தமல்லிப் பகுதியில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் உணவு நச்சானபோது, பாதிக்கப்பட்ட தோழியரின் நிலை தெரியாமல் தொழிலாளர் நெடுஞ்சாலையில் திரண்டு மறியலில் ஈடுபட்டனர். வயிற்றுப்போக்கு பற்றிய செய்தியே விடுதிச் சுவர்களுக்குள்ளிருந்து வெளிவரத் தயங்கிய சூழலில், பால்வினைத் தொற்று பற்றிய செய்தி எவ்வாறு வெளிவரும்?

இவ்வெற்றிடத்தை நிரப்ப, ஆலைகளிலும் விடுதிகளிலும் பரிசோதனை நடத்தலாமே என்ற யோசனை எழக்கூடும். தொற்றா நோய்களுக்காகப் பணியிடங்களுக்கே செல்லும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024இல் தொடங்கப்பட்டது. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் அளக்கப்படும் மேசையில் இதனையும் சேர்ப்பது நிர்வாக நோக்கில் எளிது. எனினும் பணியிடத்தில் பெறப்படும் ஒப்புதல் எவ்வளவு தூரம் ஒப்புதல் ஆகும்? மேற்பார்வையாளர் நிற்கும் இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏட்டளவிலேயே உண்டு. வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தின் அந்தத் தடையைக் கடக்கும் பின்வாயிலாகக் கண்காணிப்பு ஆகிவிடக் கூடாது.

6. அறிகுறியை எண்ணுதல், தொற்றை எண்ணுதல்

எச்.ஐ.வி. தவிர்ந்த பிற தொற்றுகளின் நிலை இன்னும் மங்கலானது. காசநோய் 2012 முதல் நாடளவில் கட்டாயமாக அறிவிக்கத்தக்க நோயாக்கப்பட்டு, தனியார் மருத்துவரும் தகவல் தரக் கடமைப்பட்டுள்ளனர். கொனோரியா, கிளமிடியா போன்றவற்றுக்கு அத்தகைய நாடளாவிய ஏற்பாடு இல்லை. எனவே தனியார் மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் நிகழ்வது கணக்கில் சேர்வதில்லை. பணிநேரத்தை இழக்க இயலாத தொழிலாளி முதலில் செல்லும் இடம் மருந்துக்கடையே.

அரசு மையங்களில் சேரும் கணக்கும் பெரும்பாலும் தொற்றின் கணக்கன்று, அறிகுறியின் கணக்கு. ஆய்வக வசதி குறைந்த நாடுகளுக்கென உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அறிகுறித்தொகுதி வழிச் சிகிச்சையில், நோயாளி சொல்லும் குறையைக் கொண்டு அதற்குக் காரணமாகத்தக்க எல்லாத் தொற்றுகளுக்கும் சேர்த்து மருந்து தரப்படுகிறது. இந்தியாவில் இதற்கென நிறக்குறியிட்ட ஏழு மருந்துத் தொகுப்புகள் உள்ளன. சிறுநீர்வழி அல்லது கருப்பைக் கழுத்துக் கசிவுக்குச் சாம்பல் நிறத் தொகுப்பு, யோனி அழற்சிக்குப் பச்சை, பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை, கொப்புளத்துக்குச் சிவப்பு. காத்திருக்கச் செய்யாமல் அன்றே மருந்து தருவது என்ற அளவில் இம்முறை ஏழை நோயாளிக்கு உதவியுள்ளது. ஆண்களின் கசிவுக்கும் புண்ணுக்கும் இது ஓரளவு பொருந்தவும் செய்கிறது.

பெண்களின் வெள்ளைப்படுதலைப் பொறுத்தவரை இம்முறை இருவழியிலும் தவறுகிறது. கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாது. ஆகவே தொற்றுடையவர் தப்பிவிடுகிறார். வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணமாவது உடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவு. ஆகவே தொற்றில்லாதவர் பால்வினை நோயாளியாகப் பதிவாகிறார். வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் இளம் மணமான பெண்களிடையே ஜாஸ்மின் பிரசாத் உள்ளிட்டோர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்குச் சான்றாகிறது. ஆய்வகச் சோதனையின்படி 15 விழுக்காட்டினரிடம் பால்வழிப் பரவும் தொற்றும், 28 விழுக்காட்டினரிடம் உடலக நுண்ணுயிர்களால் நேரும் தொற்றும் காணப்பட்டன. பின்னது முன்னதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அறிகுறி இருந்தும் மூன்றில் இருபங்கினர் சிகிச்சை நாடவில்லை. அருகில் பெண் மருத்துவர் இல்லாமை, அந்தரங்கம் இல்லாமை, தொலைவு, செலவு, இது பெண்களுக்கு இயல்பே என்ற எண்ணம் ஆகியவை அவர்கள் கூறிய காரணங்கள்.

இங்கே பெயர் விளைவிக்கும் தீங்கு வெளிப்படையாகிறது. வெள்ளைப்படுதலுக்காக வந்த பெண்ணிடம் ‘பால்வினை நோய்’ எனச் சொல்லி, கணவனையும் மருந்துக்கு அழைத்துவரப் பணித்தால், அச்சொல் வீட்டுக்குள் ஐயமாகவும் அடியாகவும் மாறக்கூடும். அவளுக்கு நேர்ந்தது நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு மட்டுமே எனில், அந்த அடிக்குப் பொறுப்பு ஒரு பட்டியலின் கட்டத்தினுடையது. மாவட்ட அறிக்கையில் அது ஓர் எண்; அவளுக்கு அது ஒரு வாழ்நாள்.

7. சிகிச்சையிலிருந்து பிறக்கும் எண்

குறை கூறுதல் எளிது என்பதால், மாற்று உண்டா என்பதையும் ஆராய வேண்டும். அண்மையிலேயே ஒரு சான்று உள்ளது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் சான்றளித்தது. இச்சான்றிதழுக்குக் கர்ப்பிணிகளுள் 95 விழுக்காட்டினரேனும் பேறுகாலக் கவனிப்புப் பெற்றிருக்க வேண்டும். அவர்களுள் 95 விழுக்காட்டினரேனும் சோதிக்கப்பட வேண்டும். தொற்றுடையோருள் 95 விழுக்காட்டினரேனும் சிகிச்சை பெற வேண்டும். நீண்ட போரைக் கண்ட ஒரு நாடு இதனை எட்டியதில், ஒவ்வொரு கர்ப்பிணியையும் வீட்டுவழியே அறிந்த குடும்ப நல உத்தியோகத்தரின் பங்கு பெரிது. இங்கு எண் என்பது சிலரை மாதிரியாக எடுத்துப் பெற்ற மதிப்பீடு அன்று. ஒவ்வொருவருக்கும் சோதனை செய்து, முடிவைச் சொல்லி, மருந்து கொடுத்ததன் பதிவு.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. கிராம சுகாதார செவிலியர் வழியே கர்ப்பிணிகள் பதிவு செய்யப்படுகின்றனர். ‘பிக்மி’ எண் வழங்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அப்பதிவோடு இணைக்கப்பட்டுள்ளது. பெண்கள் அஞ்சிப் பதிவதில்லை. பயன் உண்டென்பதால் பதிகின்றனர். பதிவேடு நிறைவு பெறுவதற்கு ஆணையைவிட நன்மையே சிறந்த வழி என்பதை நம் மாநில அனுபவமே உணர்த்துகிறது. பெயரற்ற எஞ்சிய இரத்தத்தைக் காட்டிலும், தாய்–சேய்த் தொற்றுத் தடுப்புப் பணியில் அன்றாடம் செய்யப்படும் சோதனைகளின் தரவைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தும் வாய்ப்பை உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் எய்ட்ஸ் அமைப்பும் 2013 முதலே வலியுறுத்தி வருகின்றன.

இந்நெறியைத் தொழிற்பகுதிக்கு விரித்தால் சில கருத்துகள் கிடைக்கின்றன. ஒன்று, மையத்தின் நேரம் பணிமுறைக்கு ஏற்ப அமைய வேண்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறவாத மையம், தொழிலாளர் வரவில்லை என்று எழுதுவது அறமன்று. இரண்டு, ஒடியா, இந்தி, வங்காளம், தெலுங்கு மொழிகளில் ஒப்புதலும் ஆலோசனையும் வேண்டும். மூன்று, மையம் ஆலைக்கு வெளியே, வேறு நோய்களுக்கும் சிகிச்சை தரும் இடத்தில் இருக்க வேண்டும். எந்தத் தகவலும் வேலை தருபவரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ செல்லலாகாது. நான்கு, அறிகுறித்தொகுதி வழிச் சிகிச்சை பெறுவோருள் ஒரு பகுதியினரின் மாதிரியையேனும் மாவட்ட அளவில் ஆய்வகத்தில் சோதித்து, அறிகுறிக்கும் தொற்றுக்கும் உள்ள உறவைக் காலந்தோறும் அறிய வேண்டும். ஐந்து, உடலக நுண்ணுயிர்களால் நேரும் குறைகளைப் ‘பால்வினை நோய்’ என்னும் தலைப்பிலிருந்து பெயரளவிலும் பதிவேட்டளவிலும் பிரிக்க வேண்டும். இந்த ஐந்தாவது பணியில் தமிழ்க் கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்டோருக்கு நேரடிப் பங்குண்டு.

இவ்வழியில் பெறும் எண்ணும் குறையுடையதே என்ற மறுப்பு எழலாம். சிகிச்சைக்கு வருவோர் மட்டுமே அதிலும் எண்ணப்படுவர் என்பது மெய். ஆனால் இரு குறைகளும் ஒத்தவையல்ல. சென்டினல் முறையில் எண்ணப்படாதவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. கர்ப்பிணியைப் பொறுத்தவரை எண்ணப்பட்டவருக்கும் அந்த எண்ணால் நேரடியாக எதுவும் கிடைப்பதில்லை. சிகிச்சைவழிக் கணக்கில் எண்ணப்பட்ட ஒவ்வொருவருக்கும் மருந்து கிடைத்திருக்கும். கணக்கில் குறை தென்பட்டால், அது சேவை எட்டாத இடத்தைச் சுட்டும். அக்குறையைத் திருத்தும் முயற்சி சேவையை விரிக்கும் முயற்சியாகவே அமையும்.

8. முடிவுரை

அமெரிக்காவின் டஸ்கீகி நகரில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்கள் 399 பேர் சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டனர். பெனிசிலின் பரவலாகக் கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. நம் நாட்டுச் சென்டினல் முறையை அதனோடு சமப்படுத்துவது நேர்மையாகாது. இங்கு நோயறிந்த எவருக்கும் மருந்து மறுக்கும் நோக்கம் இல்லை. ஆயினும் கவனித்தல் சிகிச்சையிலிருந்து பிரிந்து செல்லத் தொடங்கினால் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு அது எல்லைக்கல்லாக நிற்கிறது.

லாக் ஆஸ்பத்திரியில் பதியப்பட்ட பெண், 1986இல் காப்பகத்தில் இரத்தம் தந்த பெண், இன்று பேறுகால வரிசையில் நிற்கும் பெண் ஆகிய மூவரும் எண்ணப்பட்டமைக்குப் பொதுவான காரணம், அவர்கள் கண்காணிப்போரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தமையே. சூளையில் குடும்பத்தோடு தங்கியவரும், விடுதியில் வாழும் இளம்பெண்ணும், மருந்துக்கடையோடு நின்றுவிட்ட ஒப்பந்தத் தொழிலாளியும் கைக்கு எட்டாதவர்கள். அவர்களிடம் தொற்று மிகுதி என்று கூறவும் சான்றில்லை, குறைவு என்று கூறவும் சான்றில்லை. அவர்களை எட்டுவதற்கு மேலும் ஒரு ‘இடர் வகை’யை உருவாக்கி அதில் அவர்களை அடைப்பது பழைய வழியையே நீட்டிப்பதாகும். திருப்பாச்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பணி முடிந்த மாலை நேரத்தில், அவர்தம் மொழியில், வேலை தருபவருக்குத் தெரியாமல் சென்று வரத்தக்க ஒரு சிகிச்சை மையம் இருக்குமாயின், அதன் பதிவேடு தானே நம்பத்தக்க தரவாகும்.